ஃப்ளாரன்ஸில் விடுமுறை வீடு: தெருவைவிட மாடிதான் முக்கியம்

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர மையத்தில் வீடு தேடும்போது, துவோமோ பேராலயத்துக்கு எவ்வளவு பக்கம் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். பழைய ஊர் சின்னது, எங்கிருந்தும் நடந்தே போய்விடலாம். நான் பார்க்கச் சொல்வது மாடியை. அங்கே பலாட்சோ எனப்படும் பழைய மாளிகைகளில் கிடங்குக்கு ஒரு தளம், உரிமையாளருக்கு ஒரு தளம், வேலையாட்களுக்கு ஒரு தளம் என்று பிரித்துக் கட்டினார்கள். அந்த வித்தியாசம் இன்றைக்கும் உங்கள் தூக்கத்திலும் முழங்காலிலும் தெரியும்.

தரைத்தளத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கம்பி போட்ட ஜன்னல், குறைவான வெளிச்சம், சுவரில் ஏறும் ஈரம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆற்று வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் கல்வெட்டுகளைச் சாந்தா குரோச்சே தேவாலயத்தின் பக்கம் இன்றும் பார்க்கலாம். படி ஏற முடியாதவர்களுக்கு மட்டும் இது சரி.

உண்மையான போட்டி முதல் மாடிக்கும் உச்சி மாடிக்கும்தான்.

முதல் மாடி, அதாவது பியானோ நோபிலே, உரிமையாளர் குடும்பம் வாழ்ந்த தளம். உயரமான கூரை, மர உத்தரங்கள், சில வீடுகளில் கூரை ஓவியம்கூட இருக்கும். கனமான சுவர்கள் கோடையில் வெயிலை நன்றாகவே தடுக்கும். குளிர்காலத்தில் அதே உயரம் எதிராகத் திரும்பும்: சூடான காற்று மேலே போய்விடும். அங்கே கட்டட ஹீட்டரை வழக்கமாக நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான், அதுவும் நாளுக்கு 12 மணி நேரத்துக்குள்தான் ஓட்டலாம். அதனால் அக்டோபர் கடைசியில் போகிறவர்கள் கம்பளி எத்தனை என்று கேட்டுவிடுங்கள். தெருச் சத்தமும் உண்டு. சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கம் இரவில் வெகுநேரம் விழித்திருக்கும். படுக்கையறை ஜன்னல் உள்முற்றத்தைப் பார்த்திருந்தால் அந்த வீட்டை விடாதீர்கள்.

உச்சி மாடியில் வேலையாட்கள் இருந்தார்கள். கூரை சாய்வாக, தாழ்வாக இருக்கும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே, துவோமோவுக்குப் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடம்! அதற்காகவே இதை எடுப்பவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். குன்றுகள் சூழ்ந்த ஊர், சூடு தேங்கி நிற்கும். பகலெல்லாம் காய்ந்த ஓடு ராத்திரியும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் ஏசியின் வெளிப்பெட்டியை நினைத்த இடத்தில் மாட்ட முடியாது, அதனால் ஏசி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் படிகள். தளங்கள் உயரமானவை என்பதால் மூன்றாம் மாடி என்பது நம் ஊர் ஃப்ளாட்டின் ஐந்தாம் மாடி அளவுக்கு வந்துவிடும். லிஃப்ட் இருந்தாலும் பிற்காலத்தில் இடுக்கில் பொருத்தியதாக இருக்கலாம். ஒரு ஆள், ஒரு பெட்டி.

சமைக்கப் போகிறீர்களா? இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், கெட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் துண்டிக்கும். பல கட்டடங்களில் மீட்டர் கீழே வாசலருகே இருக்கும். உச்சி மாடிக்காரர் அத்தனை படியும் இறங்கி ஏற வேண்டும்.

என் தேர்வு: கோடைக்கு உள்முற்றம் பார்த்த முதல் மாடி, மே மாதத்துக்கும் செப்டம்பர் இறுதிக்கும் உச்சி மாடி. வயதானவர்கள் கூட வந்தால் லிஃப்ட் படத்தைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். எந்த மாடியானாலும் விளம்பரத்தில் சிஐஎன் எனும் தேசியப் பதிவு எண் இருக்க வேண்டும். 2025 முதல் அது கட்டாயம். எண் இல்லாத வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள்.