மால்பெக்: காஓரா, மெண்டோசாவா?

நாவல்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும், அப்புறம் துவர்ப்பு ஏறி வாயைப் பிடிக்கும். மால்பெக் திராட்சை ஒயினைப் புரிந்துகொள்ள இந்த அனுபவமே போதும். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடித்துப் பாருங்கள்: நடுவில் மை போன்ற இருட்டு, விளிம்பில் பளிச்சென்று ஊதா. பிரான்சின் காஓர், அர்ஜென்டினாவின் மெண்டோசா, இரண்டிலும் நிறம் ஏறக்குறைய இதுதான். ஊர் எதுவென்று காட்டிக்கொடுப்பது துவர்ப்பு: காஓரில் அது ஈறைப் பிடிக்கும், மெண்டோசாவில் மெதுவாக இறங்கும்.

பிறந்தகம் என்று பார்த்தால் தென்மேற்கு பிரான்ஸ்தான். அங்கே லோட் ஆறு வளைந்து நெளிந்து ஓடுகிறது. அதன் கரையில் படிப்படியாக ஏறும் மேடுகளிலும், மேலே சுண்ணாம்புக்கல் நிலத்திலும் காஓர் கொடிகள் நிற்கின்றன. மழைக்குக் குறைவில்லை. ஆனால் பூக்கும் நேரத்தில் குளிரும் ஈரமும் சேர்ந்தால் மால்பெக் பூவை உதிர்த்துவிடும். 1956 பிப்ரவரி உறைபனியில் பெரும்பாலான கொடிகள் செத்தே போயின. மறுபடி நட்டு வளர்த்து, 1971இல் ஏஓசி தகுதி வாங்கினார்கள். நம் புவிசார் குறியீடு மாதிரி. குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், மீதிக்கு மெர்லோ, டன்னாட் என்ற வேறு திராட்சைகளைச் சேர்க்கலாம் என்பது விதி.

மெண்டோசாவுக்கு இந்தக் கொடி 1850களில் மிஷெல் புஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் வழியாகப் போனது. அது பாலைநிலம். ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். ஆண்டீஸ் மலைப் பனி உருகி வாய்க்காலில் வருகிறது. எவ்வளவு பாய்ச்சுவது என்பது விவசாயி கையில். பல தோட்டங்கள் 900 மீட்டருக்கு மேல் இருக்கின்றன; ஊக்கோ பள்ளத்தாக்கில் 1,500 மீட்டர் வரைகூட ஏறுகின்றன. பகலில் சுள்ளென்ற வெயில் தோலையும் விதையையும் நன்றாகப் பழுக்கவைக்க, இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் அந்தத் துவர்ப்பு பட்டுபோல இறங்குகிறது. அங்கே பெரிய பயம் ஆலங்கட்டி மழை. கொடிகளுக்கு மேல் வலை கட்டிவைக்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது? விலை குறைந்த பாட்டில் என்றால் யோசிக்காமல் மெண்டோசா. மலிவான காஓர் பல சமயம் காய்வெட்டாகவே இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் என் ஓட்டு காஓருக்கு. அந்த விலையில் மெண்டோசா ஒயின்கள் பலவற்றில் ஓக் பீப்பாயின் வெனிலா மணம் பழத்தை அமுக்கிவிடுகிறது. ஊக்கோவின் உயரமான தோட்டத்து ஒயின்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவை காஓரோடு நேருக்கு நேர் நிற்கும்.

சாப்பாடு இல்லாமல் காஓரைத் தொடாதீர்கள். துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கூடவே கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி இருந்தால் அந்தப் பிடி தளரும். அந்த ஊர்க்காரர்கள் வாத்துக் கறியோடு குடிப்பதற்கு இதுவே காரணம். மெண்டோசாவும் தணலில் வாட்டிய மாட்டிறைச்சிக்குப் பொருத்தம்தான், ஆனால் அது தனியாகவும் இறங்கும்.

ஒரு ராத்திரி இரண்டையும் சேர்த்தே திறந்தோம். மெண்டோசா பாட்டில் அன்றே காலி. பாதியில் நின்ற காஓரை மூடி வைத்து மறுநாள் ஊற்றினேன். முதல் நாள் ஈறைப் பிடித்த துவர்ப்பு அடங்கி, வயலட் பூ வாசனையும் அதற்கடியில் புகையிலை வாசனையும் மேலே வந்திருந்தன.