சதுர அடி ரேட்டா, ஐட்டம் ரேட்டா? வீட்டு ஒப்பந்தத்தில் 'எக்ஸ்ட்ரா' பிறக்கும் இடம்

வீடு கட்ட ஒப்பந்தம் போடும்போது ரேட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்த ரேட்டுக்குள் என்னென்ன வேலை அடக்கம் என்று யாரும் பேசுவதில்லை. சண்டை வருவது இரண்டாவதில்தான். தமிழ்நாட்டில் தனி வீடுகளுக்கு மூன்று வழிகள் உண்டு. மெட்டீரியலோடு சதுர அடி ரேட், ஒவ்வொரு வேலைக்கும் அளந்து பணம் தரும் ஐட்டம் ரேட், பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசும் லேபர் காண்ட்ராக்ட். எங்கள் வீட்டுக்கு ஐட்டம் ரேட்தான் எடுத்தோம். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

லேபர் காண்ட்ராக்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சிமென்ட், எம் சாண்ட், கம்பி எல்லாம் நம் தலையில். வீணாகும் பொருளும் நம் கணக்கில். கம்பியை 40 அடி நீளத்தில் எப்படி வெட்டினால் துண்டு மிச்சமாகாது என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் மேஸ்திரிக்குக் கிடையாது. தினமும் சைட்டில் நிற்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சதுர அடி ரேட்டின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. 1,200 சதுர அடி, ரேட் இவ்வளவு, பெருக்கினால் தொகை. வங்கிக் கடனுக்கும் சுலபம். ஆனால் அந்த 1,200 எங்கிருந்து எங்கே வரை? வெளிச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து அளப்பது பொதுவான வழக்கம். போர்டிகோவை ஒருவர் முழுதாகக் கணக்கிடுவார், இன்னொருவர் பாதி போடுவார். மாடிப்படிக்கு மேலே மொட்டை மாடியில் வரும் ஹெட்ரூம் சிலருக்குத் தனி அளவு. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல், மொட்டை மாடியில் பதிக்கும் தட்டு ஓடு ஆகியவை பெரும்பாலும் ரேட்டுக்கு வெளியே. பேஸ்மென்ட் (வெளித் தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை) உயரம் 3 அடி வரை, வானம் (அஸ்திவாரக் குழி) ஆழம் 5 அடி வரை, டைல் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை என்று 'வரை' போட்ட ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு எக்ஸ்ட்ரா பில்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேசி எழுதிவிட முடியும். எழுதியும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான்: வேலை நடுவில் மாறும்போது கூடுதலுக்கும் குறைவுக்கும் என்ன விலை?

கூடுதலை முதலில் பார்ப்போம். 12 காலம் (கான்கிரீட் தூண்) உள்ள வீடு, குழி ஒவ்வொன்றும் 5க்கு 5 அடி. 5 அடியில் கெட்டி மண் வரும் என்று நினைத்துத் தோண்டினால் 7 அடியில்தான் வருகிறது. சதுர அடி ஒப்பந்தத்தில் மேஸ்திரி ஒரு மொத்தத் தொகை சொல்வார். அது நியாயமா இல்லையா என்று பார்க்க நம் கையில் எந்த அளவுகோலும் இராது. குழி திறந்து கிடக்கும், மழை வரும், பேரம் பேச நேரமும் இராது.

ஐட்டம் ரேட்டில் இதே மாற்றம் வெறும் கணக்கு. கூடுதல் மண்வேலை 600 கன அடி. 9க்கு 12 அங்குலக் காலத்தில் 2 அடி நீட்டினால் 12 காலத்துக்கும் சேர்த்துக் கான்கிரீட் 18 கன அடி. காலத்துக்கு நான்கு 16 எம்.எம். கம்பி என்றால் 29 மீட்டர் சொச்சம், மீட்டருக்கு 1.58 கிலோ வீதம் 46 கிலோ. 6 அங்குல இடைவெளியில் 8 எம்.எம். ரிங் 48, ஏறக்குறைய 17 கிலோ. சென்ட்ரிங் (கான்கிரீட் கொட்ட அடிக்கும் பலகை அடைப்பு) 84 சதுர அடி. திரும்ப மண் நிரப்ப 582 கன அடி. ஒவ்வொன்றுக்கும் ரேட் ஏற்கெனவே கையெழுத்தாகி இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: 1.5 மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 5 அடிக்கு, கீழே தோண்டும் ரேட் வேறு. அரசு விலைப்பட்டியல்களிலும் ஆழம் கூடக் கூட மண்வேலை ரேட் ஏறும். அந்த இரண்டாவது ஆழத்துக்கான ரேட்டை, தேவைப்படாது என்று தோன்றினாலும், முதலிலேயே பட்டியலில் வாங்கி வைக்க வேண்டும்.

குறைவு இன்னும் முக்கியம். ஏனென்றால் அதை யாரும் கேட்பதே இல்லை. ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே பீமுக்குக் கீழே 10 அடி நீளம், 9 அடி உயரம், 9 அங்குலச் சுவர் வேண்டாம் என்று முடிவு செய்கிறோம். 67.5 கன அடி செங்கல் கட்டு, இரு பக்கமும் சேர்த்து 180 சதுர அடி பூச்சு, அதே அளவு பட்டி பெயிண்ட், 20 அடி ஸ்கர்ட்டிங் எல்லாம் மிச்சம். சுவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் 7.5 சதுர அடி டைல் மட்டும் கூடும். சதுர அடி ஒப்பந்தத்தில் வீட்டின் பரப்பு மாறவில்லை, எனவே தொகையும் மாறாது. கழிவு கேட்டால் சிரிப்பார்கள். ஐட்டம் ரேட்டில் கட்டாத சுவர் பில்லில் ஏறவே ஏறாது.

ஐட்டம் ரேட்டுக்கும் தனிக் கோளாறுகள் உண்டு. முதலாவது, வரைபடம் முழுமையாக இல்லாமல் அளவுப் பட்டியல் போடக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வராமல் கம்பி இத்தனை டன் என்று எழுதியது வெறும் ஊகம். இரண்டாவது, ரேட்டைச் சாய்த்துப் போடும் தந்திரம். மண்வேலை, கான்கிரீட் ரேட்டைத் தூக்கி, டைல், பெயிண்ட் ரேட்டைத் தாழ்த்தினால் மொத்தத்தில் அந்த ஒப்பந்ததாரர்தான் மலிவாகத் தெரிவார். ரூஃப் போட்டதும் லாபம் கைக்கு வந்துவிடும், ஃபினிஷிங்குக்கு ஆள் வராது. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்ற வரிகளைவிடத் துருத்திக்கொண்டிருக்கும் வரி கண்ணில் படும்.

மூன்றாவது, அளக்கும் முறை. 3.5க்கு 7 அடி வாசல் உள்ள சுவருக்குப் பூச்சு எப்படி அளப்பது? கட்டட வேலையை அளக்கும் முறைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 சொல்வது: 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவு இல்லை. 0.5 முதல் 3 வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு, நிலை ஓரப் பூச்சுக்குத் தனி அளவு கிடையாது. 3க்கு மேல் போனால் இரு பக்கமும் கழித்து, ஓரத்தைச் சேர்க்க வேண்டும். இந்த வாசல் 2.28 சதுர மீட்டர், ஆகவே ஒரு பக்கக் கழிவு. எதையும் கழிக்காமல் அளக்கும் கொத்தனார்கள் நிறைய. 'அளவு ஐ.எஸ். 1200 படி' என்று ஒப்பந்தத்தில் ஒரே வரி எழுதினால் இந்த வாக்குவாதமே வராது.

எம் புக் (நடந்த வேலையின் அளவைக் குறிக்கும் புத்தகம்) எழுத ஆள் வேண்டும் என்பதும் உண்மை. மண் மூடும் முன் குழி, கான்கிரீட் கொட்டும் முன் கம்பி, பூசும் முன் பைப்பும் கண்டியூட்டும் (கரண்ட் வயர் போகும் குழாய்) அளக்க வேண்டும். இந்த மூன்று நேரமும் தவறினால் அப்புறம் அளக்க முடியாது. பகுதி நேர இன்ஜினியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும். அதைச் செலவில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பட்டியலிலேயே இல்லாத வேலை வந்தால்? பொருள் விலை, கூலி இரண்டையும் கூட்டி, அதன்மேல் 15 சதவீதம் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலை அலசலில் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேல்செலவுக்கும் சேர்த்துப் போடும் விகிதம் இது.

எந்த ஒப்பந்தமானாலும் மாற்றத்துக்குக் கடைசித் தேதிகள் வேண்டும். அறை அளவு, காலம் இடமெல்லாம் வானம் தோண்டும் முன். பாத்ரூம் இடமும் சங்கன் ஸ்லாப் (பைப் ஓட பாத்ரூமுக்குக் கீழே தாழ்த்திப் போடும் தளம்) ஆழமும் ரூஃப் சென்ட்ரிங் அடிக்கும் முன். கான்கிரீட் போட்டபின் டாய்லெட்டை நகர்த்தினால் பைப் சரிவுக்காகத் தரையைத் தூக்க வேண்டிவரும், வாசலில் ஒரு படி முளைக்கும். ஃபேன் பாக்ஸ் அதே கான்கிரீட்டுக்கு முன், சுவர் பாயிண்ட் பூச்சுக்கு முன். அதன்பின் வரும் மாற்றத்துக்கு ஒரு சீட்டு: வரைபடத் திருத்த எண், ஐட்டம், அளவு, ரேட், எத்தனை நாள் கூடும், இருவர் கையெழுத்து. வேலை தொடங்கும் முன் கையெழுத்து. வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்பது சீட்டாகாது, அதில் அளவும் இல்லை, ரேட்டும் இல்லை.

நான் பார்த்தவை பெரும்பாலும் காலத்துக்குத் தனித்தனி ஃபுட்டிங் (அடித்தளம்) போட்ட இரண்டு தளம் வரையிலான வீடுகள். கரிசல் மண்ணில் பைல் (ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போடும் வேலைக்கு இந்த ஒப்பீட்டை அப்படியே பொருத்தத் துணியமாட்டேன்.

உரிமையாளர் வெளிநாட்டில், அளக்க ஆளில்லை, 600, 700 சதுர அடி எளிய பிளான் என்றால் சதுர அடி ரேட்டே போகலாம். ஆனால் இரண்டு தாள்களை இணைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரேட்டில் அடங்காத வேலைகளின் பட்டியல். இன்னொன்று, மண்வேலை, கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங், செங்கல் கட்டு, பூச்சு, பெயிண்ட், டைல், கரண்ட் பாயிண்ட், குழாய் பாயிண்ட் என்று பத்து ஐட்டத்துக்கான ரேட், கூடினாலும் குறைந்தாலும் அதே ரேட் என்ற குறிப்போடு. கூடுதலுக்குச் சம்மதித்து, குறைவுக்கு மட்டும் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்பவரிடம் அட்வான்ஸைக் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள்.