சைவம் சாப்பிடுகிறவர்களுக்கான பி12: மூன்று வகை வாங்கிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய மூன்றில் வேறு எதுவும் கலக்காத, சாதாரண சயனோகோபாலமின் (பி12 வைட்டமினின் ஒரு வடிவம்) 500 மைக்ரோகிராம் மாத்திரைதான் நிலைத்தது, அதைத்தான் தொடர்ந்து போடுகிறேன். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற இன்னொரு வடிவமான மெத்தில்கோபாலமினும் வேலை செய்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசப்படும் பெருமையில் பாதிக்குமேல் காற்று. மிட்டாய் மாதிரி மெல்லுகிற "தாவர மல்டிவைட்டமின்" வகையை வாங்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சைவ உணவு நல்லதா, அசைவம் நல்லதா என்று யார் கேட்டாலும் நான் பேச்சை இந்த மாத்திரையிலிருந்துதான் தொடங்குவேன். பி12 சத்தைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை, பாக்டீரியா மட்டும்தான் செய்கிறது. மாடு, ஆடு மாதிரி அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா, தீவனத்தில் உள்ள கோபால்ட் என்ற தாதுவை வைத்து அதைத் தயாரிக்கிறது, அங்கிருந்து இறைச்சிக்கும் பாலுக்கும் வருகிறது. நம் குடலிலும் அதைச் செய்கிற பாக்டீரியா உண்டு, ஆனால் அது இருப்பது பெருங்குடலில், பி12 உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், அதனால் நமக்குப் பெரிதாகப் பயனில்லை. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் இருக்கும், ஒரு முட்டையில் அதில் பாதி. பாலும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடுகிறவர் எப்படியோ எட்டிப்பிடித்துவிடலாம், கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் எல்லைக்கோட்டில் நிற்பார், பாலையும் விட்ட வீகன் மாத்திரையோ சத்து சேர்த்த உணவோ இல்லாமல் எட்டவே முடியாது.

இதில் ஏமாற்றுகிற விஷயம் கல்லீரல். அது பி12 சத்தைச் சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேர்த்து வைத்திருக்கும். இறைச்சியை நிறுத்தியவர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நல்ல நம்பிக்கையோடு சொல்வதற்கு அந்தச் சேமிப்புதான் காரணம். அது தீரும்போது களைப்பு, நாக்கில் எரிச்சல், பாதத்தில் மதமதப்பு, ஞாபக மறதி என்று மெதுவாக வரும். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: உடலில் ஃபோலேட் (அவற்றில் இருக்கும் இன்னொரு பி வைட்டமின்) தாராளமாக இருந்தால் ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம், ஆனால் நரம்பு கெடுவது நிற்காது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. நரம்புச் சேதம் முற்றினால் முழுவதும் திரும்பாமலும் போகலாம். நான் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவது அதனால்தான்.

சரி, இப்படி ஒரு ஓட்டை இருக்கிற சாப்பாட்டு முறை எதற்கு, பேசாமல் இறைச்சியே சாப்பிடலாமே என்று கேட்கலாம். பிரிட்டனில் நடந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2019 முடிவு இதற்கு நேர்மையான பதில் தருகிறது. 48,000 பேருக்குமேல், 18 வருடம் வரை கவனித்ததில், இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிடச் சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். சதவீதம் பயமுறுத்தும், ஆள் கணக்கில் பார்த்தால் 1000 பேருக்கு 10 வருடத்தில் இதயநோய் 10 பேருக்குக் குறைவு, பக்கவாதம் 3 பேருக்குக் கூடுதல். அந்தப் பக்கவாதத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னவற்றில் பி12 மாதிரியான சத்துகளின் குறைவும் ஒன்று. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும், ரத்தக்குழாய்க்கு அது நல்லதல்ல என்ற சந்தேகம் நீண்டகாலமாக இருக்கிறது. நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு சின்ன மாத்திரையால் அடைக்கக்கூடிய ஓட்டையைத் திறந்து வைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மறுபக்கம், பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது, தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. அதற்கு மாத்திரை கிடையாது. சைவத்தின் முக்கியமான குறைக்கு இருக்கிறது.

இப்போது பொருளுக்கு வருகிறேன்.

மிட்டாய் வகையைத்தான் ஆசையாக வாங்கினேன், தினமும் போட மறக்காது என்று. டப்பாவின் முன்பக்கம் முழுக்கப் பச்சை இலை, "தாவரத்திலிருந்து கிடைத்த பி12" என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் சின்ன எழுத்தில் பார்த்தால் மூலம் ஸ்பிருலினா என்ற நீலப்பச்சைப் பாசி. ஸ்பிருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12, பார்க்க அதே மாதிரி இருக்கும், மனித உடலில் அது வேலை செய்யாது. இதை எழுதி விற்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது, ஏனென்றால் இதை நம்பி வாங்குகிறவர் சரியாக அந்தச் சத்து தேவைப்படுகிற வீகன்தான். போதாக்குறைக்குச் சர்க்கரை, ஒரு வேளைக்கு இரண்டு மிட்டாய், அப்புறம் முடி வளர என்று ஏராளமாக பயோட்டின் என்ற வேறொரு பி வைட்டமின். பயோட்டின் அதிகமானால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவே தப்பாக வரும், அந்த எச்சரிக்கை டப்பாவில் எங்கேயும் இல்லை.

நாக்கடி மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம். சுவை நன்றாகத்தான் இருந்தது, சில நிமிடத்தில் கரைகிறது. "இயற்கையான வடிவம்", "நேராக ரத்தத்துக்குப் போகும்" என்றெல்லாம் விளம்பரம். நாக்குக்கு அடியில் வைப்பதற்கும் விழுங்குவதற்கும் ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை. மெத்தில் வடிவமும் சயனோ வடிவமும் செல்லுக்குள் போனதும் மேலே ஒட்டியிருக்கிற பகுதி கழன்று ஒரே மையப்பொருளாகத்தான் ஆகின்றன, அங்கிருந்துதான் உடல் தனக்கு வேண்டிய வடிவத்தைச் செய்துகொள்கிறது. சயனோவில் சயனைடு இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: அளவு மிகச் சொற்பம், ஆரோக்கியமான உடல் அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மெத்தில் வடிவம் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதையும், எனக்கு வந்ததோ உள்ளே எல்லாம் தெரிகிற டப்பாவில். பழுப்பு நிறப் பாட்டிலாவது கொடுத்திருக்கலாம்.

கடைசியாக, என்னிடம் நிலைத்த சயனோகோபாலமின் 500. சின்னச் சிவப்பு மாத்திரை, சுவை எதுவும் இல்லை, லேபிளில் கதையும் இல்லை. 2.4 தேவைக்கு எதற்கு 500 என்று தோன்றும். வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12 சத்தைப் பிடித்துக் குடலுக்கு ஏற்றிவிடுகிறது, ஆனால் ஒரு வேளைக்கு அதனால் 2 மைக்ரோகிராம் வரைதான் முடியும். மிச்சத்தில் சுமார் 1 சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆக 500 விழுங்கினால் உடலில் சேருவது 7 மைக்ரோகிராமுக்கு முன்னே பின்னே. 1500 என்று எழுதியிருப்பதால் மூன்று மடங்கு பலம் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பிட்டதும் புத்துணர்ச்சி பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பற்றாக்குறை இல்லாத உடம்புக்கு பி12 தெம்பு எதுவும் தராது. எனக்கும் உடம்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் பி12 ஏறி, ஹோமோசிஸ்டீன் இறங்கியிருந்தது, எனக்கு வேண்டியது அதுதான். மாத்திரையாக இல்லாமல் கேப்ஸ்யூலாக வாங்கினால் மேலுறை ஜெலட்டினா என்று பாருங்கள், அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. உள்ளே இருக்கும் பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது, வீகனுக்கும் தடையில்லை.

இந்த மாத்திரை சைவர்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 50 வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு வயிற்று அமிலம் குறைவதால் இறைச்சியில் கட்டுண்டிருக்கும் பி12 சரியாகப் பிரிந்து வராது, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் போடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வரலாம். தினமும் இறைச்சி சாப்பிடுகிற வீட்டுப் பெரியவருக்குக் கால் மதமதத்தால் இதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கிற, தாய்ப்பால் கொடுக்கிற சைவப் பெண்கள் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும், தாய்க்குக் குறைந்தால் குழந்தைக்கும் குறையும். ஏற்கெனவே அறிகுறி இருக்கிறவர்கள் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் முதலில் பரிசோதனைக்குப் போங்கள், ஊசி தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் போனால் ரத்தத்தில் அளவு நன்றாகத் தெரிந்து விஷயம் மறைந்துவிடலாம், அப்படி ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனையும் (பி12 குறைந்தால் உடலில் ஏறுகிற பொருள் அது) வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.