நாகை வயல்களில் உவர்: லேண்ட்சாட்டா, சென்டினலா, மண் பரிசோதனையா?

ஏப்ரல், மே மாதங்களில் வேதாரண்யம் பக்கம் போனால் சில வயல்களில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். தொட்டால் மாவு போல விரலில் ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அடியில் இருக்கும் உப்புநீர் மேலேறி வெயிலில் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கியிருக்கிறது. இதுதான் உவர். இந்த வெள்ளை செயற்கைக்கோள் படத்திலும் பளிச்சென்று தெரியும். எந்தப் படத்தை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். அமெரிக்கச் செயற்கைக்கோள்களான லேண்ட்சாட் 8, 9 படத்தில் ஒரு கட்டம் (படத்தின் மிகச்சிறிய புள்ளி) 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 22 சென்ட். ஒரு மா வயலுக்கு, 33 சென்ட்டுக்கு, ஒன்றரைக் கட்டம்தான் கிடைக்கும். வரப்பு, வாய்க்கால், பக்கத்துத் தென்னந்தோப்பு எல்லாம் அதற்குள் கலந்துவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் இரண்டரை சென்ட். அதே ஒரு மாவுக்கு 13 கட்டம். வயலின் கீழ்மூலையில் மட்டும் பயிர் சோர்ந்திருந்தால் இதில் பிடித்துவிடலாம். லேண்ட்சாட் இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை வருகின்றன, சென்டினல்-2 ஜோடி 5 நாளுக்கு ஒருமுறை. இரண்டு படங்களும் இலவசம். இன்றைய நிலவரம் தெரிய வேண்டுமென்றால் யோசிக்காமல் சென்டினல்-2 எடுங்கள்.

ஆனால் அது வானுக்குப் போனதே 2015இல்தான். 'இந்த வயல் 2004 சுனாமியில் கெட்டதா, அதற்கு முன்பே உவரா, பக்கத்தில் இறால் குட்டை வந்த பிறகா?' என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. லேண்ட்சாட்டிடம் 1984 முதல் 30 மீட்டர் படங்கள் இருக்கின்றன. இந்தப் பழைய இருப்புக்காகவே அதைக் கைவிட முடியாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: வெள்ளையாகத் தெரிவதெல்லாம் உப்பு ஆகிவிடாது. காய்ந்த மணல், அறுவடைக்குப் பின் கிடக்கும் வைக்கோல் எல்லாமே பளபளக்கும். அதனால் ஒரே படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. சம்பா பயிர் நிற்கும்போது என்.டி.வி.ஐ. எனப்படும் பசுமைக் குறியீடு குறைவாக இருந்து, அதே இடம் மே மாதத்தில் வெளுத்து, இது மூன்று வருடம் தொடர்ந்தால் சந்தேகப்படலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிவிட்டால் இரண்டுமே பயன்படாது. மேகத்தை ஊடுருவுவது சென்டினல்-1 ரேடார். உப்பை அது நேரடியாகக் காட்டும் என்று நம்ப வேண்டாம். மழைக்குப் பிறகு தண்ணீர் வடியாமல் எங்கே நிற்கிறது என்று காட்டும், உவருக்கு அதுவே நல்ல துப்பு.

இஸ்ரோவின் 2021 நிலச்சீரழிவு வரைபடத் தொகுப்பு, நாட்டின் நிலப்பரப்பில் 29.77 விழுக்காடு சீரழிந்திருப்பதாகச் சொல்கிறது. கவலைப்பட வேண்டிய எண். ஆனால் அதில் 1 செ.மீ. என்பது தரையில் 5 கி.மீ. திட்டம் போடுபவர்களுக்கு உதவும், ஒரு வயலை அதில் தேட முடியாது.

சரி, மண் பரிசோதனை? இதை விடவே முடியாது. உப்பு மிகுந்த உவருக்கும், சோடியம் ஏறிக் காரமான களருக்கும் வைத்தியம் வேறு. உவர் மண்ணில் நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் உப்பு கரைந்து போகும். களருக்கு முதலில் ஜிப்சம் போட வேண்டும், வெறும் தண்ணீர் விட்டால் மண் இன்னும் இறுகும். கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர், கார அமிலநிலை (pH) 8.5ஐத் தாண்டினால் களர் என்று மண் பரிசோதனை சொல்லும் உறுதியோடு எந்தப் படமும் சொல்லாது. பரிசோதனையின் குறை, மாதிரிகளின் எண்ணிக்கைதான். மண்வள அட்டைக்கு, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வேலிக்கு (20 மா) ஒன்று. நடுவில் இரண்டு மா கெட்டிருந்தால் அந்த அட்டையில் தெரியாமலே போகலாம்.

என் தேர்வு: சென்டினல்-2இன் மே மாதப் படத்தில் வெளுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கேயே நேராகப் போய் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி மண் எடுப்பது. அப்புறம் நன்றாக விளையும் மூலையிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, தனிப்பையில் போட்டுக் கொடுப்பது.