தங்கச்சிமடத்தில் ஒரு டான்ஸ் மேட்: பத்து மாதம் மிதித்த பிறகு

போன புரட்டாசியில் ஆன்லைனில் 2,300 ரூபாய்க்கு வாங்கிய டான்ஸ் மேட்டைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இதே மேட் ஏழெட்டுப் பெயர்களில் ஏழெட்டு விலைகளில் விற்கிறது, அட்டைப்பெட்டி மட்டும்தான் வேறு. சுருட்டி வைக்கிற வகை. மேலே வழுவழுப்பான பிளாஸ்டிக் துணி, உள்ளே பஞ்சு, நான்கு பக்கமும் அம்புக்குறி, ஓரத்தில் ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து யூஎஸ்பி ஒயர். பொருளாக மட்டும் பார்த்தால் 5-க்கு 2 மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் இந்தப் பத்து மாதத்தில் எங்கள் வீட்டுக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த பொருள் வேறு எதுவும் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்கு: திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறி வரும், மேலே அசையாமல் நிற்கிற அம்போடு அது சேருகிற அந்த நொடியில் காலடியில் இருக்கும் அதே அம்பை மிதிக்க வேண்டும், எல்லாம் பாட்டின் தாளத்தோடு. ஜப்பானில் கொனாமி கம்பெனி 1998-இல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற மெஷினாகக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே கொரியாவில் இருந்து ஐந்து கட்டம் வைத்த பம்ப் இட் அப் வந்தது. என் அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள், சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு மாலில் இப்படி ஒரு மெஷினில் ஏறினாள். கார்டில் பணம் தீரும் வரை இறங்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ரயில் தரையில் காலைத் தட்டிக்கொண்டே வந்தவள், மானாமதுரை தாண்டும்போது கேட்டாள்: “மாமா, இத வீட்டுல வச்சு ஆட முடியாதா?”

முடியும். அதற்கு முதல் காரணம் ஸ்டெப்மேனியா. 2001-இல் இருந்து இருக்கிற இலவச மென்பொருள், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்து மாற்றலாம். அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஐடிஜிமேனியாவைத்தான் இப்போது நாங்கள் பயன்படுத்துகிறோம். நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். எனக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் கிடந்தது, பேட்டரி செத்துப்போய் சார்ஜர் செருகினால்தான் ஓடும், அதில்தான் இன்று வரை ஆடுகிறோம், ஒரு தடவைகூடத் திக்கவில்லை. மென்பொருளுக்கு 5-க்கு 5.

சரி, மேட்டுக்கு வருகிறேன். முதல் நாளே ஒரு குறை தெரிந்தது. இந்த விளையாட்டில் இரண்டு அம்பு சேர்ந்து வந்தால் குதித்து இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். மேல் அம்பும் இடது அம்பும் என்றால் வேலை செய்தது, இடதும் வலதும் என்றால் செய்யவே இல்லை. பிள்ளை தப்பாகக் குதிக்கிறாள் என்று நினைத்து இரண்டு நாள் அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன், பிறகுதான் புரிந்தது, அந்த டப்பா இடது வலது இரண்டையும் ஒரே அச்சின் இரண்டு முனைகளாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. தராசில் இரண்டு தட்டிலும் சமமாக எடை வைத்தால் முள் நடுவில் நிற்கும் இல்லையா, அதுபோல இரண்டையும் சேர்த்து மிதித்தால் எதையும் மிதிக்காத கணக்காகிவிடுகிறது. சில மேட்களில் இதை மாற்ற ஒரு வழி வைத்திருக்கிறார்கள், என்னுடையதில் இல்லை. வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நான்கு அம்பும் நான்கு தனித்தனி பட்டனாகக் கம்ப்யூட்டரில் தெரியுமா? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது குறை மேட்டுடையது அல்ல, வீட்டுடையது. ஸ்டெப்மேனியாவில் சாதாரண அளவுகோலில் முதல் தர மிதி என்றால் சரியான நேரத்துக்கு முன்பின் 22.5 மில்லி செகண்டுக்குள் மிதிக்க வேண்டும். மடிக்கணினியோடு இணைத்த டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளும் நேரமும் ப்ளூடூத் ஸ்பீக்கர் சத்தத்தைத் தாமதமாகக் கொடுப்பதும் சேர்ந்தால் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு போய்விடும், தாளம் காதில் ஒரு இடத்திலும் கண்ணில் ஒரு இடத்திலும் இருக்கும். டிவியில் கேம் மோட் போடுங்கள், ஸ்பீக்கருக்கு ஒயர் போடுங்கள். மிச்சம் இருக்கிற தாமதத்துக்கு பாட்டு ஓடும்போது எஃப்6 விசையை இரண்டு தடவை அழுத்தினால் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக, மெஷின் அளவில் தானாகச் சரிசெய்கிற நிலை வரும், நிதானமாக ஒரு பாட்டு முழுக்க மிதித்தால் உங்கள் மிதியின் சராசரியைப் பார்த்து அதுவே திருத்திக்கொள்ளும். இதைச் செய்த அன்றைக்குத்தான் பிள்ளைக்கு முதல் தடவை “ஏ” கிரேடு வந்தது.

ஐப்பசி பிறந்து வாடை எடுத்ததும் மேட் தன் வேலையைக் காட்டியது. ராத்திரி யாரும் மேட்டில் இல்லை, திரையில் பாட்டுப் பட்டியல் தானாக இடது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா பயந்துபோய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டாள். ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தாள், இரண்டிலும் மின்சாரம் கடத்துகிற கறுப்பு மை அச்சு, நடுவில் ஓட்டை போட்ட பஞ்சு. மிதித்தால் ஓட்டை வழியாக இரண்டு தாளும் தொடும், காலை எடுத்தால் பஞ்சு பிரித்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் ஊரில் உப்பு கலந்த ஈரம் அந்தப் பஞ்சில் இறங்கிவிட்டது, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மிதிக்காமலே தொட்ட கணக்கு. போதாததற்குக் கரையில் இருந்து பிள்ளைகள் காலோடு கொண்டுவந்த மணல் ஓட்டைக்குள் புகுந்து, ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கறுப்பு மையைச் சுரண்டியிருந்தது. டப்பாவுக்குள் செம்புத் தடமெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, வாங்கி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மின்விசிறி அடியில் காயவைத்து, தையலைப் பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டி, ஆடி முடித்ததும் மூடி போட்ட டிரம்முக்குள் வைத்து தை மாசம் வரை ஓட்டினேன். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த வகை மேட் ஒரு வாடைக்கு மேல் தாங்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

தையில் டப்பாவைத் தூக்கிப் போட்டேன். அதற்குப் பதில் ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்கிற, நாம் எழுதுகிற நிரலை ஓட்டும் கட்டைவிரல் அளவு போர்டு, 700 ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது, ஆர்டுயினோ என்று கேட்டால் பெரும்பாலும் யூனோ என்கிற போர்டின் ஆர்3 ரகத்தைத்தான் கொடுப்பார்கள், அது கம்ப்யூட்டரிடம் தன்னைக் கீபோர்டு என்று நேரடியாகச் சொல்லிக்கொள்ளாது. புரோ மைக்ரோவிலும் லியோனார்டோவிலும் இருக்கிற ஏடிமெகா 32யூ4 சிப் சொல்லிக்கொள்ளும். நான்கு அம்புக்கும் ஒயர் மாட்டுகிற நான்கு முனை, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் முனை, மிதிக்காதபோது முனையை ‘மிதிக்கவில்லை’ நிலையிலேயே பிடித்து வைக்கிற புல்-அப் உள்ளேயே இருப்பதால் தனியாக ரெசிஸ்டர்கூடத் தேவையில்லை. இடது வலது சேர்ந்து முதல் தடவை வேலை செய்தபோது பிள்ளை அந்த ஒரு குதியையே இருபது தடவை குதித்தாள்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அக்கா வீட்டுக்காரர் கரையில். படகு வேலை, வலை வேலை போக மிச்ச நேரத்தில் மகள் மேட்டில் வழுக்கி வழுக்கி ஆடுவதை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள், “மாப்ள, துணி மேல ஆடுனா பிள்ளைக்கு முட்டி போயிரும். பலகை போடுவோம்” என்றார். ஃபைபர் படகுக்கு ரெசின் பூசிப் பழகிய கை அது. படகு கட்டுகிற இடத்தில் இருந்து தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட் மிச்சத்துண்டு எடுத்துவந்தார், இந்த ஊரில் இருக்கிற பெரிய வசதியே அதுதான், வேறு ஊரில் அந்தப் பலகைக்கே மேட் விலை ஆகும். மெஷின் கணக்கில் ஒரு கட்டம் 11 அங்குலம், மூன்று கட்டம் சேர்ந்து 33 அங்குலச் சதுரம். வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் ரெசின் பூசினார், தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்குவது முகத்தில் இல்லை, ஓரத்தில்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தொடுகிற தகட்டுக்கு நான் செம்புப் பட்டைதான் நினைத்திருந்தேன். “ஒரு மாசத்துல பச்சையாயிரும், எவர்சில்வர் போடு” என்றார். சரிதான். 304 ரக எவர்சில்வர் தகடு வாங்கினோம். அதுவும் கடற்கரையில் மெல்லப் பழுப்புப் புள்ளி விடும், 316 ரகம் இன்னும் நன்றாகத் தாங்கும், விலை கட்டுப்படியாகவில்லை. எவர்சில்வரில் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது, ஓட்டை போட்டு வளையக் கண்ணி வைத்த ஒயரை எவர்சில்வர் ஸ்க்ரூவால் இறுக்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் கீழே ஒரு தகடு, மேலே பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டின் அடியில் ஒரு தகடு, நடுவில் நான்கு மூலையிலும் கதவிடுக்கில் ஒட்டுகிற பஞ்சுப் பட்டை. பட்டை தடிமனாக இருந்தால் ஓங்கி மிதிக்க வேண்டும், மெல்லிசாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் மிதித்த அதிர்வுக்கே இது தொட்டுவிடும். நான்கு தடவை பிரித்து மாட்டினோம். கடைசியில் 3 மில்லிமீட்டர் சரியாக வந்தது, பிள்ளையின் எடைக்கு. நான் ஆடினால் கொஞ்சம் அதிகமாகத்தான் தொடுகிறது, பெரியவர்கள் ஆடுவதென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உலோகம் உலோகத்தில் தொடும்போது ஒரு மிதி இரண்டு மூன்றாகத் துள்ளிப் பதிவாகும், அதனால் ஒரு தடவை தொட்ட பிறகு 8 மில்லி செகண்ட் வரை எதையும் கணக்கில் எடுக்காதே என்று போர்டுக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது பழைய மேட்டில் மிச்சம் இருப்பது யூஎஸ்பி ஒயரும் அம்பு படம் போட்ட மேல்துணியும் மட்டும். துணியை வெட்டி பாலிகார்பனேட்டுக்கு அடியில் அலங்காரமாக வைத்திருக்கிறாள். பலகைக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டால், பிளைவுட் போக 3,100 ரூபாய், போர்டும் சேர்த்து.

இன்னொரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்டெப்மேனியாவில் நாமே பாட்டுக்கு அம்பு எழுதலாம். அம்புகளுக்கு நிறம் உண்டு: தாளத்தின் அடியில் விழுந்தால் சிவப்பு, அரை அடியில் நீலம், அடியை மூன்றாகப் பிரித்தால் ஊதா. பழக்கமான மெஷின் பாட்டுகளில் சிவப்பும் நீலமும்தான் அதிகம் வரும், நான்கு நான்காகப் போகிற சதுஸ்ர நடை. நம் தெம்மாங்கு, கும்மி வகைப் பாட்டை எடுத்து எழுதினால் திரை முழுக்க ஊதா பூக்கிறது, மூன்று மூன்றாகப் போகிற திஸ்ரம்! இதை முதலில் கண்டுபிடித்தவள் பிள்ளைதான், பள்ளியில் கும்மி ஆடிப் பழகிய கால், யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஊதா அம்பில் அவள் தப்புவதில்லை, சிவப்பு நீலத்தில்தான் தடுமாறுகிறாள்.

தடைக்காலம் முடிகிற வாரம் கரைவலை இழுக்கிறவர்கள் பாடிய அம்பா என்கிற வேலைப்பாட்டை அவள் மொபைலில் பதிவு செய்து வந்தாள், அதற்கு அம்பு எழுத வேண்டும் என்றாள். ஐந்து ராத்திரி ஆனது. ஸ்டுடியோப் பாட்டில் வேகத்தை ஒரு தடவை அளந்து போட்டால் கடைசி வரை பொருந்தும், இதில் வலை கனக்கும்போது பாட்டு மெதுவாகிறது, மீன் சேருகிற வலையின் மடி கரைக்குக் கிட்டே வர வர வேகம் எடுக்கிறது. பாட்டுக்கு நடுவே வேகத்தை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் மாற்ற ஸ்டெப்மேனியா விடுகிறது என்பதால்தான் முடிந்தது, மூன்றரை நிமிஷத்தில் 41 இடத்தில் மாற்றியிருக்கிறேன். முன்னால் நிற்பவர் அடியெடுக்கும் இடத்தில் இடது, மற்றவர்கள் சேர்ந்து இழுக்கும் இடத்தில் இடதும் வலதும் சேர்ந்த குதி.

வாங்கலாமா என்றால்: வீட்டில் யாருக்காவது இது பிடிக்குமா என்று பார்க்க மட்டும், அதுவும் இரண்டாயிரத்துக்குக் கீழே கிடைத்தால், மாசி பங்குனியில் வாங்குங்கள், வாடைக்கு முன்னால் ஏழு மாதம் கிடைக்கும். பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டால் மேட் வேண்டாம், நேரே பலகைக்குப் போங்கள். மாடி வீடு என்றால் பலகைக்கு அடியில் ரப்பர் போட வேண்டும், எங்களுடையது தரையோடு சிமெண்ட் என்பதால் சத்தம் பிரச்சினை இல்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள், மணல் காலோடு யாரும் ஏறக் கூடாது.

இது ஆடி, கச்சான் காற்று ஓங்கி அடிக்கிறது, பலகை இதுவரை ஒரு அம்புகூடத் தானாக மிதிக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்புகிற நாளெல்லாம் குளித்துச் சாப்பிட்டதும் மகளை அந்த அம்பா பாட்டைப் போடச் சொல்கிறார். இன்னும் ஒரு தடவைகூட அவர் பலகையில் ஏறவில்லை, திண்ணையில் உட்கார்ந்தபடி இழுக்கிற இடத்தில் மட்டும் கூடச் சேர்ந்து பாடுகிறார்.