வைகறையா, இரவா, கோடை விடுமுறையா: எழுதும் ஆசிரியரின் நேரக் கணக்கு

பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, ஒவ்வொரு கட்டுரைப் பயிற்சிக்குப் பின்னும் எண்பது கட்டுரை ஏடுகள் மேசைக்கு வந்து சேர்கின்றன. பாடக்குறிப்பு, சிறுதேர்வு, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான மாலை வகுப்பு ஆகியவற்றுக்கு நடுவே பதினோர் ஆண்டுகளாகச் சிறுகதையும் எழுதிவருகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்தபடியே நாவல்கள் எழுதிய இமையம் 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவர். ஆகவே இரண்டும் ஒருவருக்குள் ஒத்துவாழுமா என்ற ஐயம் எனக்கு இல்லை. எந்த நேரத்தில் எழுதுவது என்பதே என் கேள்வி. இரவு, வைகறை, வார இறுதி, கோடை விடுமுறை ஆகிய நான்கையும் தனித்தனியே ஓராண்டுக்குக் குறையாமல் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். எதில் அதிகப் பக்கங்கள் தேறின என்பதை மட்டும் வைத்து இவற்றை எடைபோட்டால் தவறான முடிவுக்கே வருவோம். அந்தப் பக்கங்களுக்கான விலையைத் தூக்கம் கொடுத்ததா, வகுப்பறை கொடுத்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது இரவைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் அமைதி பகலில் எந்த நேரத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் தமிழாசிரியருக்கு இரவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு நாள் நாற்பது ஏடுகளைத் திருத்தி, ‘முயற்ச்சி’ என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் ‘ச்’சை அடித்துவிட்டு, பத்தரை மணிக்கு என் கதையை எடுத்தேன். கையில் இருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. கதையில் வரும் பாட்டி சொல்லும் ‘கெடக்குது’ என்ற சொல்லை ‘கிடக்கிறது’ என்று நானே திருத்தியிருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். நாள் முழுதும் பிழை தேடிப் பழகிய கண்ணுக்கு, ஒரு பாத்திரத்தின் பேச்சைப் பேச்சாகவே விட்டுவைக்கும் பொறுமை அந்த நேரத்தில் இருப்பதில்லை. கணக்காசிரியருக்கு இரவு இவ்வளவு பகையாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இரவு எழுத்தின் இன்னொரு விலையை நான் மிகத் தாமதமாக உணர்ந்தேன். நள்ளிரவு தாண்டிப் படுத்து ஐந்தரை மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கமே கிடைக்கும்; வயது வந்தோருக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் தேவை என்கிறது மருத்துவம். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல் வேலை சார்ந்த ஒரு நிலையாகக் கொண்டு, ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் கசப்பும் வளர்தல், செயல்திறன் குறைதல் என்ற மூன்று கூறுகளால் அதை விளக்குகிறது. இரண்டாவது கூறுதான் என்னிடம் முதலில் தென்பட்டது. மதிய உணவுக்குப் பிந்திய பாடவேளையில், ஆகுபெயரை இன்னொரு முறை விளக்கச் சொன்ன ஒரு மாணவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் அதன் பிறகு அந்தப் பருவம் முழுதும் என்னிடம் ஐயமே கேட்கவில்லை. அந்த ஆண்டு நான் எழுதிய ஏழு கதைகளையும் அவளுடைய மௌனத்தையும் சேர்த்துத்தான் இரவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

வைகறையில் நான்கரை முதல் ஐந்தே முக்கால் வரை ஒரு பக்கம்தான் தேறும். ஆனால் அது அடித்தெழுதத் தேவையில்லாத பக்கமாக இருக்கும். அன்றைய பிழைகள் எவையும் இன்னும் கண்ணில் பட்டிராத நேரம் அது. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. ஒன்பதரைக்குப் படுக்க வேண்டுமானால் ஏடுகளைப் பள்ளியிலேயே, ஓய்வுப் பாடவேளைகளில் திருத்தி முடித்து, வெறுங்கையோடு பேருந்து ஏற வேண்டும். அதைவிடக் கடினமானது, காலைச் சமையலை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்வது. எழுதும் ஆண் ஆசிரியர்கள் வைகறையைப் பரிந்துரைக்கும்போது இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பெரும்பாலும் குறிப்பிடுவதே இல்லை. என் வீட்டில் அதைப் பேசி முடிவுக்குக் கொண்டுவர இரண்டு ஆண்டுகள் ஆயின. பொதுத்தேர்வு நெருங்கி, ஜனவரியில் காலைச் சிறப்பு வகுப்புகள் தொடங்கியதும் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

வார இறுதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சில சனிக்கிழமைகள் வேலை நாளாகிவிடும். ஆறு நாள் விட்ட கதையை மீண்டும் படித்து உள்ளே நுழைவதற்குள் ஞாயிறு மதியமாகிவிடும்.

கோடை விடுமுறை தொலைவிலிருந்து பார்க்கையில் பெரிதாகத் தெரியும். விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து, 2019, 2024 போன்ற ஆண்டுகளில் ஏப்ரலில் தேர்தல் பணியும் முடிந்து வீட்டுக்கு வரும் ஆசிரியருக்கு, முதல் பத்து நாள்கள் உறங்கத்தான் வேண்டும். அதைச் சோம்பல் என்று எண்ணி எழுத உட்கார்ந்த ஆண்டில், ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கரும்பலகை முன் நிற்கவே மனமில்லாமல் இருந்தேன். மீதமுள்ள நாள்களில் நீண்ட படைப்பை ஒரே மூச்சில் கோத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் கோப்பதற்கான மணிகள் முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஆகவே இப்போது வைகறையை ஜூன் முதல் டிசம்பர் வரை, வாரத்துக்கு நான்கு நாள்கள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பிற்பகலை இரண்டு வேலைகளுக்கும் கொடுப்பதில்லை. ஆண்டுக்குரிய 12 நாள் தற்செயல் விடுப்பில் இரண்டை, காய்ச்சலுக்கோ திருமணத்துக்கோ செலவிடாமல், வெறுமனே படுத்திருப்பதற்கென்றே ஒதுக்குகிறேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கதை எழுதுவதில்லை. கைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு மட்டும் இருக்கும்.

சென்ற மார்ச்சில் தேர்வறைக் கண்காணிப்பு முடிந்து திரும்பும்போது, பேருந்தில் அதில் மூன்று வரிகள் எழுதினேன். மோர் நிறைந்த பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்தபடி, பள்ளி வாசலில் வேப்பமர நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு தாயைப் பற்றிய வரிகள் அவை. மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், நன்றாக உறங்கி எழுந்த ஒரு காலையில், அந்தத் தாய் பேசத் தொடங்கினாள்; அவள் ‘கெடக்குது’ என்றே சொன்னாள், நானும் அப்படியே எழுதினேன்.