ஹெரால்டா, பத்மினியா?

பழைய காரை வீட்டு வாசலிலேயே நண்பர்களோடு புதுப்பிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டில் தடுமாறுகிறார்கள்.

பாடி: சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குச் சேஸிஸ் (எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டம்) தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடி பிரிந்து வரும், தூக்க நாலு பேர் போதும். பானெட் மட்கார்டுகளோடு முன்பக்கம் கவிழும்; டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினைத் தொடலாம்.
பிரீமியர் பத்மினிக்குப் பாடிதான் சேஸிஸ். தரை துருப்பிடித்தால் நல்ல வெல்டர் வேண்டும்.

உதிரிபாகம்: பத்மினிக்கு எளிது. மும்பையில் 2023 வரை டாக்சியாக ஓடிய வண்டி அல்லவா!
ஹெரால்டு மூலத்தில் பிரிட்டிஷ் கார் என்பதால் பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம், சுங்கவரியோடு. ஆனால் நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கே உரியது; பின்கதவுக்கு அலைய வேண்டியதுதான்.

செலவு: இரண்டிலும் டிங்கரிங்கும் பெயின்ட்டும்தான் பணத்தை விழுங்கும்.

சீக்கிரம் ஓட்டிப் பார்க்க ஆசையா, பத்மினி. ஞாயிறுதோறும் பிரித்து மாட்டுவதே சுகம் என்பவர்களுக்கு ஹெரால்டு. என் ஓட்டும் அதற்கே.